வேங்கட எல்லையில் அதிகாரமும் உயிருரிமையும்: சிலப்பதிகாரம், லாக்கப், விசாரணை, புஷ்பா – ஓர் ஒப்பியல் திறனாய்வு

முன்னுரை

அரசு தன் குடிமகனைத் தண்டிக்கும் உரிமை உடையது. ஆயின் அத்தண்டனைக்கு முன் அவன் கூற்றைக் கேட்கும் கடமையும் அதற்கு உண்டு. இவ்விரண்டிற்கும் இடையில் உள்ள தூரமே குடியுரிமை எனப்படுவது. அத்தூரம் அழியும்போது தண்டனை கொலையாகிறது. தமிழிலக்கியத்தில் இவ்வழிவை முதன்முதலாக முழுமையாகக் காட்டிய நூல் சிலப்பதிகாரம் எனலாம். அந்நூல் எழுப்பிய வினா, 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் ஆந்திர மாநிலம் திருப்பதிக்கு அருகில் சேசாசல வனப்பகுதியில் இருபது தமிழகத் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டபோது மீண்டும் எழுந்தது. அந்நிகழ்வு தமிழர் – தெலுங்கர் என்னும் இருமுனைப் பூசலாகவும், கடத்தல்காரர் – காவலர் என்னும் இருமுனைக் கதையாகவும் பேசப்பட்டது. இவ்விரு பேச்சுகளிலும் உயிருரிமை என்னும் அடிப்படை வினா பின்னுக்குத் தள்ளப்பட்டது.

அதிகாரத்தையும் அயலானையும் பற்றிப் பேசும் நான்கு படைப்புகளை இந்நிகழ்வின் பின்னணியில் வைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். சிலப்பதிகாரம், மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’ நாவல், அதனைத் தழுவி வெற்றிமாறன் இயக்கிய ‘விசாரணை’ திரைப்படம், செம்மரக் கடத்தலைக் களமாகக் கொண்ட தெலுங்குத் திரைப்படமான ‘புஷ்பா’ ஆகியன அவை. இருமுனைப் பேச்சை எப்படைப்பு ஏற்கிறது, எது மறுக்கிறது என்பதே இவற்றை மதிப்பிடும் அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது.

வேங்கடம்: எல்லையும் வழியும்

தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரம் தமிழ் கூறும் நிலத்தின் வட எல்லையாக வேங்கடத்தைச் சுட்டுகிறது. இக்குறிப்பு இருபதாம் நூற்றாண்டில் அரசியல் ஆற்றல் பெற்றது. 1911 ஏப்ரல் 1இல் வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற பகுதிகளிலிருந்தும் பிரித்துச் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் தோன்றியபோது அம்மாவட்டம் அதனுடன் சேர்ந்தது. ம.பொ. சிவஞானத்தின் தமிழரசுக் கழகம் நடத்திய வட எல்லைப் போராட்டமும் அதன்பின் வந்த படாஸ்கர் பரிந்துரையும் 1960 ஏப்ரல் 1இல் திருத்தணியைத் தமிழகத்திற்கு அளித்தன. சித்தூர், புத்தூர், திருப்பதி ஆகியவை ஆந்திரத்திலேயே நின்றன. இவ்வரலாறு இரு மொழியினர் மனத்திலும் ஒரு வடுவை விட்டுச் சென்றது. எல்லைக்கு அப்பால் தமிழன் ஒருவன் துன்புறும்போதெல்லாம் அவ்வடு மீண்டும் சிவக்கிறது.

ஆயின் சங்க இலக்கியம் வேங்கடத்தை எல்லையாக மட்டும் காணவில்லை, வழியாகவும் காண்கிறது. மாமூலனாரின் அகப்பாடல்களில் வேங்கடம் பொருள் தேடிச் செல்லும் தலைவன் கடந்து போகும் மலையாக இடம்பெறுகிறது. அதற்கு அப்பால் இருப்பது மொழி வேறாகும் தேயம். ‘பொருள்வயிற் பிரிவு’ என்று இலக்கணம் வகுத்துரைக்கும் இத்துறையின் அடியில் கிடப்பது ஒரு பொருளியல் உண்மை. ஊரில் பிழைக்க வழியில்லாதவன் மொழி தெரியாத நிலத்திற்குச் செல்கிறான். அவன் வருவானா என்று ஊரில் ஒருத்தி நாளெண்ணுகிறாள். பாலைத்திணையில் அவனுக்கு அச்சம் தருவோர் ஆறலைகள்வர். வழிப்போக்கனைக் கொன்று பொருள் கவரும் அவர்களிடமிருந்து காப்பது அரசின் கடமை என்பது அக்கால எதிர்பார்ப்பு. வேங்கட வழியில் இன்று செல்பவன் அஞ்சுவது யாருக்கு என்று கேட்டால், பாலையின் இலக்கணமே தலைகீழாகியிருப்பது புலனாகும்.

சேசாசலம்: நிகழ்வும் சட்டமும்

செம்மரம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே இயற்கையாக வளரும் மரம். சேசாசலம், பாலகொண்டா, வெலிகொண்டா, லங்கமலை ஆகியவை அதன் தாயகம். 1995 முதல் அதன் பன்னாட்டு வணிகம் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களுக்கான உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் உள்ளது. கிழக்காசிய நாடுகளில் அதற்குள்ள விலை மிகுதியால் கடத்தல் பெருகியது. மரத்தை வாங்குபவர் கடல் கடந்தவர். விற்பவர் நகரங்களில் வாழ்பவர். வெட்டுபவரோ சவ்வாது மலை, சித்தேரி மலை, கல்வராயன் மலை ஆகிய பகுதிகளின் பழங்குடியினரும் வானம் பார்த்த நிலத்து ஏழைகளும் ஆவர். கோடரிப் பழக்கமும் வறுமையும் சேர்ந்து அவர்களை இத்தொழிலின் அடித்தட்டில் நிறுத்தின.

இந்நிலையில் வனத்தைக் காப்பவர் தரப்பிலும் இழப்பு உண்டு என்பதை மறத்தல் ஆகாது. 2013 டிசம்பர் 15இல் சேசாசல வனத்தில் இரு வனத்துறை அலுவலர்கள் மரம் வெட்டுவோரின் தாக்குதலில் உயிரிழந்தனர். பணியில் இருந்த அவர்களின் சாவு கொடியது. அவ்வழக்கில் தமிழகத் தொழிலாளர் பலர் மொத்தமாகக் கைது செய்யப்பட்டு நெடுங்காலம் சிறையில் இருந்தனர். 2016இல் திருப்பதி நீதிமன்றம், குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று கூறி அவர்களில் இருநூற்றுக்கும் மேற்பட்டோரை விடுவித்தது. இத்தீர்ப்பு இருவகையில் துயரமானது. குற்றம் செய்தவர் யார் என்பதை அரசால் நிறுவ இயலவில்லை. ஆகவே இறந்த அலுவலர்களுக்கும் நீதி கிட்டவில்லை. சிறையில் கழிந்த ஆண்டுகளைத் திரும்பப் பெற இயலாததால் விடுவிக்கப்பட்டோருக்கும் நீதி கிட்டவில்லை. தனிமனிதக் குற்றத்தைக் கூட்டத்தின் குற்றமாக்கும் முறை எவருக்கும் பயன்படுவதில்லை என்பதற்கு இதுவே சான்று.

2015 ஏப்ரல் 7இன் நிகழ்வு இப்பின்னணியிலேயே நடந்தது. சந்திரகிரிக்கு அருகில் இரண்டு இடங்களில் இருபது உடல்கள் கிடந்தன. இறந்தோர் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் கற்களாலும் அரிவாள்களாலும் தாக்கியதால் தற்காப்புக்காகச் சுட நேர்ந்தது என்பது செம்மரக் கடத்தல் தடுப்புச் சிறப்புப் படையின் கூற்று. இறந்தோரில் சிலர் முதல் நாளே பேருந்திலிருந்து பிடித்துச் செல்லப்பட்டவர்கள் என்பது உயிர் தப்பியோர் சிலரும் உரிமை அமைப்புகளும் கூறியது. தேசிய மனித உரிமை ஆணையம் உயிர் தப்பியவர்களின் வாக்குமூலங்களைப் பதிவு செய்தது. நீதிமன்ற ஆணைப்படி ஆறு உடல்கள் மறு உடற்கூறாய்வுக்கு உள்ளாயின.

இத்தகைய சாவுகளில் பின்பற்ற வேண்டிய நெறி அந்நாளுக்கு முன்பே வகுக்கப்பட்டிருந்தது. 2009 பிப்ரவரியில் ஆந்திர உயர் நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, மோதல் சாவு ஒவ்வொன்றிலும் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யப்பட வேண்டும் என்றும், தற்காப்பு என்னும் வாதம் நீதிமன்ற விசாரணையில்தான் மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்றும் கூறியது. 2014 செப்டம்பர் 23இல் உச்ச நீதிமன்றம், மக்கள் சிவில் உரிமைக் கழகம் மகாராட்டிர அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், சார்பற்ற புலன்விசாரணை, நீதித்துறை நடுவர் விசாரணை உள்ளிட்ட பதினாறு நெறிகளை வகுத்தது. கொன்றவர் தம் செயலுக்குத் தாமே நீதிபதியாக இருத்தல் கூடாது என்பதே இவற்றின் சாரம். அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பு தரும் உயிருரிமை குடிமக்களுக்கு மட்டுமன்றி எல்லா மனிதர்க்கும் உரியது. குற்றம் செய்தவன் அதிலிருந்து விலக்கப்படவில்லை.

இருமுனைப் பேச்சு

நிகழ்வை அடுத்துத் தமிழகத்தில் போராட்டங்கள் நடந்தன. அன்றைய முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதி உரிய விசாரணை கோரினார். ஆந்திரப் பேருந்துகள் தாக்கப்பட்டன. எல்லையில் போக்குவரத்து தடைப்பட்டது. மறுபுறத்தில், வனச்செல்வத்தைக் கொள்ளையடிக்க வந்தவர்களுக்கு இரக்கம் எதற்கு என்னும் குரல் எழுந்தது.

இவ்விரு குரல்களும் ஒன்றையொன்று எதிர்ப்பன போலத் தோன்றினும் அவற்றின் அடிப்படை ஒன்றே. இரண்டும் இறந்தவனை ஒரு கூட்டத்தின் உறுப்பினனாக மட்டுமே காண்கின்றன. ஒன்றுக்கு அவன் தமிழன். மற்றொன்றுக்கு அவன் கடத்தல்காரன். அவன் கொல்லப்படும் முன் கேட்கப்பட்டானா என்னும் வினா இரண்டிலும் இல்லை. தமிழன் என்பதால் மட்டுமே அவன் சாவு அநீதியாகுமானால், தமிழகக் காவல் நிலையங்களில் இறக்கும் தமிழனுக்கு அச்சொல் பொருந்தாது போய்விடும். கடத்தல்காரன் என்பதால் அவன் சாவு நீதியாகுமானால், அவன் கடத்தல்காரன் என்று முடிவு செய்தவர் யார் என்னும் கேள்விக்கு விடை கிட்டாது.

இருமுனைப் பேச்சு மறைத்த உண்மை ஒன்று உண்டு. இறந்த தமிழர்களுக்காக ஐதராபாத் உயர் நீதிமன்றத்தை நாடியோரில் முதன்மையானது ஆந்திரப் பிரதேச சிவில் உரிமைக் கழகம். மோதல் சாவுகளில் வழக்குப் பதிய வேண்டும் என்னும் 2009ஆம் ஆண்டுத் தீர்ப்பும் அவ்வமைப்பு தொடர்ந்த வழக்கில் கிடைத்ததே. கே.ஜி. கண்ணபிரான், கே. பாலகோபால் போன்றோர் ஆந்திர மண்ணில் பல்லாண்டுகள் நடத்திய சட்டப் போராட்டத்தின் விளைவு, அவர்கள் மறைவுக்குப் பின் சவ்வாது மலை மக்களுக்குப் பயன்பட்டது. அரசின் கணக்கில் எல்லை உண்டு; உரிமையின் கணக்கில் அது இல்லை என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு தேவையில்லை.

கோவலன் கொலை: ஐயத்தின் இலக்கணம்

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை இப்பின்னணியில் மீண்டும் படிக்கும்போது அதன் நுட்பம் புதிதாகப் புலப்படுகிறது. கோவலன் சோழ நாட்டான். பாண்டிய நாட்டில் அயலான். பொருள் இழந்து, மீண்டும் வாழ்வு தொடங்க ஒரு சிலம்பை விற்க வந்தவன். அவனுக்கு அந்நகரில் சான்று கூறுவார் எவரும் இல்லை. பொற்கொல்லன் தன் களவை மறைக்க இத்தகைய ஒருவனே தேவைப்பட்டான்.

பாண்டியன் ஆணை நிபந்தனை உடையது என்பது இங்குக் கருதத்தக்கது. சிலம்பு அக்கள்வன் கையில் இருக்குமாயின் அவனைக் கொன்று சிலம்பைக் கொணர்க என்பதே அதன் பொருள். இவ்வாணையில் விசாரணைக்கு இடமே இல்லை. பொருள் கையில் இருப்பதே குற்றத்தின் மெய்ப்பாகிவிடுகிறது. அது எவ்வாறு அவன் கைக்கு வந்தது என்னும் வினா ஆணையிலேயே நீக்கப்பட்டுவிட்டது. ஊடல் கொண்ட தேவியைத் தேடிச் செல்லும் விரைவில் அரசன் இதனைக் கூறினான் என்று இளங்கோவடிகள் காட்டுவதில் கூர்மையான அரசியல் நோக்கு உள்ளது. அதிகாரம் கொடுமையால் மட்டும் கொல்வதில்லை; கவனமின்மையாலும் கொல்கிறது.

அடுத்து வரும் காட்சி இன்னும் நுட்பமானது. கோவலனை நேரில் கண்ட காவலர் அவன் தோற்றம் கள்வனுக்குரியதன்று என்று ஐயுறுகின்றனர். காவலனின் மனச்சான்று இங்கு ஒரு கணம் விழித்துக்கொள்கிறது. பொற்கொல்லன் அதனை உறங்க வைப்பது ஒரு ‘நூலறிவால்’. மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்னும் எட்டும் கள்வரின் துணைகள் என்று அவன் விரித்துரைக்கிறான். கள்வன் கள்வனாகத் தோன்ற மாட்டான் என்பதே அவ்வுரையின் முடிபு. அதன்படி கள்வனாகத் தோன்றினாலும் குற்றம்; தோன்றாவிடினும் குற்றம். தன்னை மறுக்கும் எச்சான்றையும் தனக்குச் சான்றாக்கிக்கொள்ளும் இவ்வாதமே ஐயத்தின் இலக்கணம். தொடர்ந்து இளைஞன் ஒருவன், முன்னொரு மழையிரவில் கள்வன் ஒருவன் தன் வாளையே பறித்துச் சென்ற கதையைக் கூறுகிறான். அச்சம் ஊட்டப்பட்டது. பின்னர்க் குடிமயக்கில் இருந்த ஒருவன் வாளை வீசுகிறான்.

ஆணை, தோற்றத்தைக் கொண்டு எழும் ஐயம், கள்வர் பற்றிய பொதுக்கூற்று, முன்னைய நிகழ்வு தந்த அச்சம், கை ஓங்கும் ஒருவன் என ஐந்து படிகளில் கொலை நடந்தேறுகிறது. எவர் மீதும் முழுப்பழி விழுவதில்லை. பேருந்தில் அமர்ந்திருக்கும் ஒருவனை அவன் மொழியையும் உடையையும் கையின் காய்ப்பையும் கொண்டு மரம் வெட்டி என முடிவு செய்யும் இடத்திலும் இதே படிகள்தாம் உள்ளன. காப்பியம் கொலையாளியைத் தேடவில்லை. கொலையை இயலச் செய்த அமைப்பைத் திறந்து காட்டுகிறது.

சிலம்பும் உடலும்

வழக்குரை காதையில் அரசன் முதலில் கூறும் மறுமொழி கவனிக்கத்தக்கது. கள்வனைக் கொல்லுதல் கொடுங்கோல் ஆகாது. அது அரசநீதியே என்பது அவன் கூற்று. சேசாசல நிகழ்வுக்குப் பின் எழுந்த பொதுக்குரலும் இதுவே. கண்ணகி இக்கொள்கையை எதிர்த்து வாதிடவில்லை. தன் கணவன் கள்வன் அல்லன் என்றே நிறுவுகிறாள். அவள் சிலம்பில் மாணிக்கப் பரல். அரசியின் சிலம்பில் முத்துப் பரல். சிலம்பு உடைந்ததும் வழக்கு முடிகிறது. அரசன் தன்னைக் கள்வன் என்று ஒப்பி உயிர் துறக்கிறான்.

இக்காட்சியின் பெருமையைத் தமிழுலகம் போற்றி வந்துள்ளது. அதன் எல்லையும் சுட்டப்பட வேண்டும். கோவலன் உண்மையிலேயே கள்வனாக இருந்திருப்பின் காப்பியம் அவன் கொலையை என்னவென்று சொல்லியிருக்கும்? இவ்வினாவுக்கு நூலில் விடை இல்லை. அதன் நீதி குற்றமற்றவனுக்குக் கிட்டும் நீதி. இன்றைய சட்டமோ குற்றவாளிக்கும் விசாரணை உண்டு என்கிறது. செம்மரம் வெட்டியவன் சட்டத்தை மீறியவனே ஆயினும், அதற்குரிய தண்டனை சிறையும் தண்டமுமே. துப்பாக்கிக் குண்டு அன்று. இறந்தோர் அனைவரும் அப்பாவிகள் என்று நிறுவினால்தான் நீதி கேட்க இயலும் என்று கருதிய தமிழ்ப் பேச்சு, சிலப்பதிகாரத்தின் இவ்வெல்லையைத் தாண்டவில்லை.

இரண்டாவதாக, கண்ணகியிடம் சிலம்பு இருந்தது. அவள் பெருவணிகன் மகள். அவைக்களம் புகவும் வாதிடவும் வல்லவள். மலையூர்களின் கைம்பெண்களிடம் அத்தகைய சான்று ஏதும் இல்லை. அவர்களிடம் திரும்பி வந்தது உடல் மட்டுமே. எரிக்கப்படாது காக்கப்பட்டு மறு உடற்கூறாய்வுக்கு உட்பட்ட அவ்வுடல்களே அவர்களின் சிலம்பு. குண்டு எத்தொலைவிலிருந்து வந்தது, உடலில் வேறு காயங்கள் உண்டா என்பதைப் பேசும் ஆற்றல் அவ்வுடலுக்கு மட்டுமே இருந்தது.

மூன்றாவதாக, பாண்டியன் மனச்சான்று உடையவன். பிழை உணர்ந்ததும் இறந்தான். அமைப்பாக விளங்கும் அரசு அவ்வாறு இறப்பதில்லை. அதற்கு மனச்சான்று இல்லை. நடைமுறை மட்டுமே உண்டு. காப்பிய அறம் அரசனின் நெஞ்சை நம்பியது. குடியுரிமை நடைமுறையை நம்புகிறது. அதனால்தான் முதல் தகவல் அறிக்கை, நடுவர் விசாரணை என்னும் வறண்ட சொற்களுக்கு இவ்வளவு மதிப்பு.

எனினும் இருமுனைப் பேச்சை மறுப்பதில் சிலப்பதிகாரம் ஒப்பற்றது. சோழ நாட்டுப் பெண்ணுக்கு அடைக்கலம் தந்தவள் பாண்டிய நாட்டு ஆய்ச்சியாகிய மாதரி. அடைக்கலப் பொருளைக் காக்க இயலாத துயரில் தீப்புகுந்தவளும் அவளே. ஊர்சூழ் வரியில் கண்ணகியைக் கண்ட மதுரை மக்கள் தம் அரசனின் செங்கோல் வளைந்தது என்று வருந்துகின்றனர். அயல்நாட்டுப் பெண்ணுக்காகத் தம் அரசனைப் பழிக்கும் குடிமக்கள் அவர்கள். ஆந்திர உரிமை இயக்கத்தினர் மதுரையின் அம்மக்கள் மரபில் வருபவர் எனல் மிகையன்று. கண்ணகி மூட்டிய தீயும்கூட அறவோர், முதியோர், குழவி, பசு ஆகியோரை விலக்கித் தீயோரைச் சேர்க என்று ஏவப்பட்டது. சினத்தின் உச்சியிலும் கூட்டத்தையும் குற்றத்தையும் பிரித்துப் பார்த்த அத்தெளிவு, பேருந்துகளின் மீது கல்லெறிந்தோரிடம் இல்லை.

லாக்கப், விசாரணை: மொழியற்ற அதிகாரம்

கோவை ஆட்டோ ஓட்டுநரான மு. சந்திரகுமார் இளமையில் பிழைப்புத் தேடி ஆந்திரத்தின் குண்டூருக்குச் சென்றவர். செய்யாத களவை ஒப்புமாறு அங்குக் காவல் நிலையத்தில் நண்பர்களுடன் வதைக்கப்பட்ட தம் அனுபவத்தையே அவர் ‘லாக்கப்’ நாவலாக்கினார். பொருள்வயிற் பிரிந்த ஒருவன் தானே எழுதிய பாலைக்கதை அது. சங்கப் பாடல்களில் தலைவன் சென்ற வழியின் துன்பத்தைத் தோழியும் தலைவியும் கற்பனையால் கூறுவர். இங்கே சென்றவனே திரும்பி வந்து கூறுகிறான். அந்நாவலின் வலிமை அதன் அணியற்ற நடையில் உள்ளது. அடியும் பசியும் அங்கு நாட்கடமை போல் நிகழ்கின்றன; வதைப்பவரும் தம் பணியைச் செய்யும் ஊழியராகவே தோன்றுகின்றனர்.

வெற்றிமாறனின் ‘விசாரணை’ 2015இல் வெனிஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டு 2016 பிப்ரவரியில் வெளிவந்தது. சிறந்த தமிழ்ப் படத்திற்கான தேசிய விருதையும் பெற்றது. சேசாசல நிகழ்வின் நினைவு ஆறாத காலத்தில் வந்த இப்படம், ஆந்திரக் காவலரின் கொடுமையைக் காட்டும் முதற்பகுதியோடு நின்றிருப்பின், இருமுனைப் பேச்சுக்கு வலிமை சேர்த்த படைப்பாக மட்டுமே முடிந்திருக்கும். நாவலின் களத்தைக் கடந்து அமைக்கப்பட்ட இரண்டாம் பகுதி அதனை வேறாக்குகிறது. குண்டூரில் உயிர்பிழைத்த தொழிலாளர்கள் தமிழகத்தில், தமிழ் பேசும் காவலரின் கையில், அவர்கள் நேர்ந்து கண்ட ஒரு காவல் மரணத்திற்காகக் கொல்லப்படுகின்றனர். அதற்கு உடன்படத் தயங்கும் ஆய்வாளர் முத்துவேலும் கொல்லப்படுகிறார். அனைத்தும் மோதலாக ஆக்கப்படுகின்றன.

இவ்வமைப்பில் ஒரு கூர்மையான முரண் உள்ளது. முதற்பகுதியில் தொழிலாளர்களின் இடர் மொழியின்மை. குண்டூர் நீதிமன்றத்தில் முத்துவேல் இடையில் நின்று மொழிபெயர்த்த பின்னரே அவர்களின் மறுப்பு நீதிபதியின் செவியை எட்டுகிறது. மொழி அங்கு விடுதலை தருகிறது. இரண்டாம் பகுதியில் அதே மொழி அவர்களுக்குச் சாவைத் தருகிறது. காவல் நிலையத்தில் பேசப்பட்டவை அவர்களுக்குப் புரிந்துவிட்டன. புரியாததால் வதை, புரிந்ததால் கொலை. அதிகாரத்தின் மொழி தமிழும் அன்று, தெலுங்கும் அன்று என்பதை விளக்கவுரை ஏதுமின்றிக் கதையமைப்பே நிறுவுகிறது. படத்தின் குறை, வதையைக் காட்டும் நீளத்திற்கு ஈடாகச் சட்டம் என்னும் மாற்று வழிக்கு இடம் தராமையே. நீதிமன்றம் ஒருமுறை தோன்றி மறைகிறது. தப்ப வழியே இல்லை என்னும் உணர்வு கலைக்கு வலிமை தரலாம். குடிமக்களைச் செயலற்றவராக்கவும் செய்யும்.

புஷ்பா: வீரனாகிய கூலி

சுகுமார் இயக்கத்தில் 2021 டிசம்பரில் வெளிவந்து, தமிழிலும் ஒலிமாற்றம் பெற்றுப் பெருவெற்றி கண்ட ‘புஷ்பா’ சேசாசலக் காட்டையே களமாகக் கொண்டது. சித்தூர் வட்டாரத் தெலுங்கை நாயகன் வாயில் வைத்தமை அதன் சிறப்பு. தந்தையின் குடிப்பெயர் மறுக்கப்பட்ட கூலி ஒருவன் மரம் வெட்டுவோனாகத் தொடங்கிக் கடத்தலின் தலைவனாகிறான். அடித்தட்டு மனிதன் மதிப்புக் கோரும் கதை என்னும் வகையில் அதன் ஈர்ப்பு புரிந்துகொள்ளத்தக்கதே.

ஆயின் அதிகாரம் பற்றிய அதன் நோக்கு மேலோட்டமானது. அரசு அங்குக் கையூட்டால் வாங்கப்படும் பொருள். அல்லது தன்மதிப்பு மிக்க ஒரு காவல் அதிகாரியின் உருவம். இறுதி மோதல் இரு ஆண்களின் செருக்குக்கு இடையே நிகழ்கிறது. நாயகன் ஒருவன் உயரும்போது அவனோடு மரம் வெட்டிய ஏனையோர் முகமற்ற கூட்டமாக எஞ்சுகின்றனர். சேசாசலத்தில் இறந்தவர்கள் அம்முகமற்றவர்களே. வீரன் ஆனால் மட்டுமே கூலிக்கு மதிப்பு உண்டு என்னும் கதை, வீரன் ஆகாத கூலிக்கு உயிருரிமை உண்டா என்று கேட்பதில்லை. இருமுனைப் பேச்சை மொழித்தளத்தில் தவிர்த்த இப்படம், அதனை வென்றவன் – தோற்றவன் என்னும் தளத்திற்கு மாற்றிவிடுகிறது.

முடிவுரை

இதுவரை நோக்கியவற்றால் பின்வருவன பெறப்படும். அயலான் மீது எழும் ஐயம் கொலையாக மாறும் படிகளைச் சிலப்பதிகாரம் முழுமையாகக் காட்டுகிறது. குற்றமற்றவனுக்கே அது நீதி கோரினும், அரசனின் பிழைக்கு நாட்டாரைப் பகைக்காத தெளிவை உடையது. ‘லாக்கப்’ வதையுண்டவன் குரலை இலக்கியமாக்கியது. ‘விசாரணை’ அக்குரலை எல்லைக்கு இப்பாலும் கொணர்ந்து, அதிகாரத்திற்கு மொழி இல்லை என நிறுவியது. ‘புஷ்பா’ கூலியை உயர்த்துவதாகத் தோன்றினும் உரிமை வினாவை வீரத்தால் மூடியது.

2018 பிப்ரவரியில் கடப்பை மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் சேலம் மாவட்ட மலையூர்த் தொழிலாளர் ஐவரின் உடல்கள் மிதந்தன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானது. சந்திரகிரி இன்று அதனுள் அடங்கும். மாவட்ட எல்லைகள் மாறுகின்றன. வேங்கட வழியே பிழைப்புத் தேடிச் செல்வோரின் நடை நிற்கவில்லை. குற்றமற்றவன் ஒருவன் கொல்லப்பட்டதற்குத் தமிழ் மனம் ஒரு காப்பியம் படைத்தது. குற்றம் செய்தவனாகவே இருப்பினும் அவன் கேட்கப்பட வேண்டும் என்று கூறும் பெரும்படைப்பு இனித்தான் தோன்ற வேண்டும். அதற்குரிய களம் சேசாசலம். அதற்குரிய மாந்தர், உடலைச் சிலம்பாக ஏந்தி நீதிமன்றப் படியேறிய மலையூர்ப் பெண்களும், மொழி கடந்து அவர்களுடன் நின்றவர்களும் ஆவர்.